ஆய்வுத் தரவுகளும் பல்கலைக்கழகக் காப்பகங்களும்

1917ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் இலண்டனிலிருந்து தாயகம் திரும்பியபோது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கப்பலில் வந்தார். அரும்பாடுபட்டுச் சேர்த்த அவருடைய நூல்கள் வேறொரு கப்பலில் அனுப்பப்பட்டன. நூல்களை ஏற்றிவந்த கப்பலைப் பகைவரின் நீர்மூழ்கி தாக்கிக் கடலுள் ஆழ்த்திவிட்டது. அச்சிட்ட நூல்களையேனும் மீண்டும் வாங்கலாம். ஓர் ஆய்வாளர் தம் கையால் திரட்டிய குறிப்புகள் அழிந்துபோனால் அவற்றை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த, பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய ஆய்வேடு 1925இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தாலன்றிப் பட்டம் இல்லை என்பது அக்கால விதி. ஆகவேதான் அவருக்கு முனைவர் பட்டம் 1927இல் கிடைத்தது. ஏழை மாணவர்க்கு இவ்விதி பெருஞ்சுமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. பல நூலகங்களில் படிகள் இருந்தமையால், நூறாண்டு கழித்தும் அவருடைய வாதத்தை வரிக்கு வரி நாம் படிக்கிறோம்.

எனினும் ஆய்வேடு என்பது ஆய்வின் ஒரு பாதியே. மறுபாதி அட்டவணைகளுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. வீடு வீடாகச் சென்று நிரப்பிய படிவங்கள், கூலிக் கணக்குகள், நேர்காணல் பதிவுகள் ஆகியவையே அப்பாதி. இவற்றைத் தரவுகள் என்கிறோம். ஆய்வேட்டைக் காத்த பல்கலைக்கழகங்கள் இந்தத் தரவுகளைக் காக்கத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான். அந்த வரலாறு நம் சமுதாயத்தார்க்கு ஏன் முக்கியமானது என்பதை நம் மண்ணிலிருந்தே தொடங்கிக் கூறுவது தகும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். 1916இல் அவர் தம் மாணவரிடம் வினாப் படிவங்களைக் கொடுத்து, தத்தமக்குத் தெரிந்த சிற்றூர்களை ஆராய்ந்து எழுதுமாறு பணித்தார். அவ்வாறு எழுதப்பட்டவை 1918இல் தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாகப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரிசையில் வெளிவந்தன. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. இருவேல்பட்டைப் பற்றிய பகுதியில், நிலவுடைமைக் குடும்பங்களோடு பரம்பரையாகப் பிணைக்கப்பட்டிருந்த படியாட்கள் பேசப்படுகின்றனர். அக்காலத்தில் கல்லூரிப் படியேறியவர் எத்தகைய வீட்டுப் பிள்ளைகள் என்பதை விளக்க வேண்டுவதில்லை. படியாளின் நிலையைப் பண்ணையின் திண்ணையிலிருந்து பார்த்து எழுதினர் என்றே கொள்ளவேண்டும். அப்படியிருந்தும் அது எழுதி வைக்கப்பட்டது, அச்சிடப்பட்டது, யாரும் சென்று பார்க்கும் நூலகத்தில் வைக்கப்பட்டது.

விளைவு என்ன? இருபது ஆண்டுகளுக்குப் பின் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆராயச் செய்து, 1940இல் மறு ஆய்வு நூலை வெளியிட்டனர். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டிற்குச் சென்றனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் மறுபடியும் சென்றனர். பெருநிலக்கிழார் குடும்பமொன்றின் ஆதிக்கம் எவ்வாறு தளர்ந்தது, உழவுக்கு வெளியே வேலை தேடும் வழி எவ்வாறு திறந்தது என்பதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கணக்காக அவர்களால் சொல்ல முடிந்தது. முதலில் எழுதியவர் தம் ஏடுகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திராது. அதே வேளையில், பின்னர் வந்தவர்க்குத் துணை நின்றது பெரும்பாலும் அச்சான பகுதியே என்பதையும் மறத்தலாகாது. அச்சுக்கு வராத விடை எதையும் அவர்கள் நூலகத்தில் தேடிப் பயனில்லை.

அச்சுக்கு வராத விடைகளைக் காக்கும் முறை அமெரிக்காவில் உருவாயிற்று. 1947இல் வில்லியம்ஸ் கல்லூரியில் ரோப்பர் என்பாரின் கருத்துக் கணிப்பு அட்டைகளைக் கொண்டு ஒரு காப்பகம் அமைந்தது. ஆனால் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒன்றுகூடித் தரவுகளைப் பொதுவுடைமையாக்கியது 1962இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில்தான். ஆன் ஆர்பர் நகரில் வாரன் மில்லர் என்னும் அரசியல் அறிஞர் தொடங்கிய கூட்டமைப்பு அது. ஐசிபிஎஸ்ஆர் என்பது அதன் இன்றைய சுருக்கப் பெயர். பெரும் பொருட்செலவில் ஓரிடத்தில் திரட்டிய தரவை, செல்வமில்லாத சிறு கல்லூரியின் மாணவரும் எடுத்து ஆராயலாம் என்பதே அதன் அடிப்படை. துளையிட்ட அட்டைகளில் தொடங்கி, காந்த நாடாக்களுக்கு மாறி, இன்று இணையத்தின் வழி இயங்கும் அதில் 700க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உறுப்பு வகிக்கின்றன. 1967இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய காப்பகம் எழுந்தது.

இந்த ஆன் ஆர்பர் காப்பகத்தில் நம்மைப் பற்றிய தரவு ஒன்று இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகமும் புதுதில்லியிலுள்ள தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வு மன்றமும் சேர்ந்து நடத்திய இந்திய மனித வளர்ச்சி ஆய்வே அது. 2004-05இல் 41,554 வீடுகளிலும், 2011-12இல் 42,152 வீடுகளிலும் விவரம் திரட்டினர். இரண்டாம் சுற்றில், வீட்டில் யாரேனும் தீண்டாமையைக் கடைப்பிடிக்கின்றனரா என்று நேரடியாகவே கேட்டனர். இல்லை என்றவரிடம், தாழ்த்தப்பட்ட சாதியார் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ உடன்பாடுதானா என்று மறுபடியும் கேட்டனர். நாடு முழுவதும் சுமார் 27 விழுக்காட்டு வீடுகள் ஏதேனும் ஒரு வகையில் தீண்டாமையை ஒப்புக்கொண்டன.

"தீண்டாமையெல்லாம் பழங்கதை" என்று மேடையில் கூறுவோர் இன்றும் உளர். அவர்க்கு விடை கூற நாம் நம் வேதனையை மட்டும் காட்ட வேண்டியதில்லை; கடைப்பிடிப்போரின் வாக்குமூலமே எண்களாக அங்கிருக்கிறது. அதனினும் முக்கியமானது, அந்த 27 என்னும் எண்ணை எவர் சொல்லையும் நம்பி ஏற்க வேண்டியதில்லை என்பது. பெயரைப் பதிவு செய்துகொண்டு கோப்பைப் பெற்று, நம் வீட்டு மாணவரே மாநிலவாரியாக, கல்விவாரியாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அமைப்பு வெளியிட்ட அறிக்கையை மறுப்பது எளிது. கோப்பையே கையில் கொடுத்து "நீங்களே கணக்கிடுங்கள்" என்றால் மறுப்பது அத்தனை எளிதன்று.

கணக்கிட்டுப் பார்ப்பதால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று. 2010இல் பொருளியல் அறிஞர்களான ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும், ஒரு நாட்டின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும் எனும்படி ஒரு கட்டுரை எழுதினர். அரசுகள் செலவைச் சுருக்க வேண்டும் என வாதிட்டோர் அதைப் பெரிதும் எடுத்தாண்டனர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார்; விடை வரவில்லை. கேட்டபோது ஆசிரியர்கள் தங்கள் கணக்குத் தாளை அனுப்பினர். அதில் ஐந்து நாடுகள் சராசரியிலிருந்து தவறுதலாக விடுபட்டிருந்தன. வேறு சில குறைகளும் இருந்தன. குறைவு 0.1 விழுக்காடு எனப்பட்ட வளர்ச்சி, திருத்திய பின் 2.2 விழுக்காடாயிற்று. 2013இல் இது வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. கணக்குத் தாள் கைக்கு வந்தமையால், மாணவர் ஒருவர் ஹார்வர்டு பேராசிரியரைத் திருத்த முடிந்தது.

கேட்டால் கொடுப்பார்கள் என்று எப்போதும் இருந்துவிட முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் 516 அறிவியல் கட்டுரைகளின் தரவுகளைத் தேடிப் பார்த்தனர். கட்டுரைக்கு ஓராண்டு வயது கூடுந்தோறும் தரவு எஞ்சியிருக்கும் வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைந்துகொண்டே போயிற்று. எழுதியவரின் முகவரி மாறிவிடுகிறது. பழைய வட்டுகளைப் படிக்கும் கருவி மறைந்துவிடுகிறது. வஞ்சகமே தேவையில்லை, மறதியே போதும்.

பல்கலைக்கழகம் தன் சொந்த ஆய்வாளரின் ஆக்கங்களைத் தானே இணையக் களஞ்சியத்தில் வைக்கும் முறை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிற்று. இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழகத்து ஈபிரிண்ட்ஸ் 2000இலும், அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்து டிஸ்பேஸ் 2002இலும் இதற்கான இலவச மென்பொருள்களாக வந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2002இலேயே இத்தகைய களஞ்சியத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த விதியின்படி முனைவர் ஆய்வேடுகள் மின்வடிவில் ஒப்படைக்கப்பட வேண்டுமென்றாகி, இன்று ஷோத்கங்கா என்னும் தளத்தில் அவை இலட்சக்கணக்கில் திரண்டுள்ளன. நம் இளைஞர் எழுதியவையும் அவற்றுள் உண்டு. ஆனால் அவற்றின் பின்னிணைப்பைப் புரட்டினால், வெற்று வினாப் படிவம் இருக்கும். நிரம்பிய விடைகள் இருப்பது அரிது. நிரம்பிய படிவங்கள் விடுதி அறையின் அட்டைப் பெட்டியில் இருந்து, அறையைக் காலி செய்யும் நாளில் பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. சேரியின் முந்நூறு வீடுகளில் மக்கள் தம் ஒரு நாள் கூலியை இழந்து உட்கார்ந்து சொன்ன விடைகள் அவை.

ஆதலின் ஆய்வில் ஈடுபடும் நம் மாணவர், தரவை ஒப்படைக்கும் முறையை அறிந்திருத்தல் நலம். விடைகளைக் கணினியில் அட்டவணையாக்கி, எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய சிஎஸ்வி போன்ற எளிய வடிவில் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு நிரலும் எதைக் குறிக்கிறது, '1' என்றால் ஆம் என்பதா ஆண் என்பதா என்று விளக்கும் குறிப்பேடு உடன் இருக்க வேண்டும். அஃதில்லாத தரவு சாவி தொலைந்த பூட்டு. யார், எப்போது, எங்கே, எவ்வாறு திரட்டினார் என்பதையும் எழுத வேண்டும். களஞ்சியம் அதற்கு டிஓஐ எனப்படும் நிலையான எண்ணைத் தரும். இணைய முகவரி மாறினாலும் அவ்வெண்ணைக் கொண்டு தரவைக் கண்டடையலாம். பிறர் பயன்படுத்தும்போது அதனைச் சுட்டியே தீரவேண்டும் என்ற நிபந்தனையையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் வழி விதிக்கலாம். பிறர் உழைப்பில் தம் பெயரைப் பொறித்துக்கொள்வோர் மலிந்த உலகில் இது சிறு காப்பன்று. ஆய்வேடு முடியும்வரை தரவைத் திறவாமல் வைக்கத் தடைக்காலமும் கேட்டுப் பெறலாம். தம் பல்கலைக்கழகத்தில் வசதி இல்லாதோர், ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் 2013 முதல் நடத்தும் ஜெனோடோ என்னும் பொதுக் களஞ்சியத்தை விலையின்றிப் பயன்படுத்தலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்து வைத்தல் நம் நிலையில் அறிவுடைமையாகாது. மேலே சொன்ன இந்திய ஆய்வின் பொதுக் கோப்பில் ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் இல்லை. அது போதுமா என்றால், சிற்றூர் ஆய்வில் போதாது. ஒரு குடியிருப்பில் பட்டம் பெற்ற பெண் ஒருவரே இருந்தால், பெயரை அடித்துவிட்டாலும் அவரை ஊரார் அறிவர். நிலக்கிழாரின் கூலிக் குறைவைப் பற்றியோ, கோயில் நுழைவுத் தகராறு பற்றியோ அவர் சொன்னது நாளை அவருக்கே கேடாகலாம். ஆகவே வயதைப் பிரிவுகளாக்குதல், தொழிலைப் பொதுமைப்படுத்துதல், ஊரை மாவட்ட அளவில் மட்டும் குறித்தல் ஆகியவற்றை ஒப்படைக்கும் முன்னரே செய்தாக வேண்டும். வழக்கு நிலுவையிலுள்ள வன்கொடுமை பற்றிய நேர்காணல்களைத் திறந்த பகுதியில் வைக்கவே கூடாது. உரிய அனுமதி பெற்றோர் மட்டும் காணும் கட்டுப்பாட்டுப் பிரிவு பல காப்பகங்களில் உள்ளது.

விடை சொல்வோரின் ஒப்புதலையும் இதற்கேற்பப் பெறவேண்டும். "என் படிப்புக்காகக் கேட்கிறேன்" என்று மட்டும் கூறிவிட்டுப் பின்னர் உலகோர் காணும் களஞ்சியத்தில் வைப்பது முறையன்று. பெயர் நீக்கிய விடைகள் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுப் பிற ஆய்வாளர்க்கும் வழங்கப்படும் என்னும் வாசகத்தை, பேச்சுத் தமிழில் படித்துக் காட்டக்கூடிய வகையில், முதல் வீட்டு வாயிலில் நிற்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வு முடிந்த பின் திரும்பிச் சென்று கேட்கலாமென்றால், அதற்குள் அவருள் பலர் செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போயிருப்பர்.