வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தாச்சா? கம்ப்யூட்டரில் நெட் இணைப்பது எப்படி? ஸ்டெப் பை ஸ்டெப் விளக்கம்

ஃபைபர் ஒயரை இழுத்து, சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, மொபைலில் யூடியூப் ஓடுவதைக் காட்டிவிட்டு டெக்னீஷியன் கிளம்பிவிடுகிறார். ஆனால் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை அதில் இணைப்பது எப்படி? 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியும் 90-ஐ தாண்டாதது ஏன்? பார்க்கலாம்.

முதலில் லைட்டைப் பாருங்க

சுவரில் இருக்கும் அந்தப் பெட்டியின் பெயர் ஓஎன்டி. ஃபைபரில் வரும் ஒளியை இன்டர்நெட் சிக்னலாக மாற்றுவது இதுதான். பெரும்பாலான பெட்டிகளில் 'பான்' லைட் விட்டுவிட்டு எரியாமல் நிலையாகப் பச்சையில் இருக்க வேண்டும். 'லாஸ்' லைட் சிவப்பில் மினுக்கினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். ஒயர் மடங்கியிருக்கலாம் அல்லது தெருவில் அறுந்திருக்கலாம். அப்போது கம்ப்யூட்டரில் என்ன மாற்றினாலும் நெட் வராது, புகார்தான் கொடுக்க வேண்டும். ஃபைபர் ஒயரின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பாதிக்கும்.

கேபிளில் இணைப்பது எப்படி?

ஓஎன்டி பெட்டியில் 'லேன்' என்று எழுதியிருக்கும் துளையில் ஈதர்நெட் கேபிளின் ஒரு முனையையும், கம்ப்யூட்டரில் மறுமுனையையும் 'டிக்' சத்தம் கேட்கும்வரை செருகவும். பெரும்பாலான வீடுகளில் இதோடு வேலை முடிஞ்சது. யூசர்நேம், பாஸ்வேர்டு ஏற்கெனவே பெட்டிக்குள் பதிவாகியிருக்கும்.

யூசர்நேம் கேட்டால்?

சில இணைப்புகளில் பெட்டி வெறும் பாலமாக மட்டும் இருக்கும். அப்போது கம்ப்யூட்டர்தான் லாகின் செய்ய வேண்டும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், டயல்-அப், செட் அப் எ நியூ கனெக்‌ஷன் என்று வரிசையாகப் போய், பிராட்பேண்ட் பிபிபிஓஇ-யைத் தேர்வு செய்யவும். நிறுவனம் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டை அப்படியே டைப் செய்தால் போதும். ஆனால் இந்த முறையில் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் நெட் கிடைக்கும். மொபைல், டிவிக்கும் வேண்டுமென்றால் பெட்டியை ரவுட்டர் முறைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்க.

வேகம் ஏன் குறையுது?

செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியைத் திறந்து 'லிங்க் ஸ்பீடு' பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், கேபிள் மீது சந்தேகப்படலாம். ஈதர்நெட் கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. 1000-க்கு எட்டும் வேண்டும், 100-க்கு 4 போதும். ஒரு கம்பி அறுந்தாலே வேகம் 100-க்கு இறங்கிவிடலாம். 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்ட கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிள் சரியாக இருந்தும் 100-தான் காட்டினால், கம்ப்யூட்டரின் போர்ட் அல்லது பெட்டியின் லேன் துளை 100 வரை மட்டுமே தாங்குவதாக இருக்கலாம்.

வைஃபையில் இணைத்தால், 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமாக இருக்கும், ஆனால் சுவர் தாண்டினால் பலவீனமாகும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு.

இன்னொரு குழப்பமும் உண்டு. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் அதிகபட்சம் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். இது ஏமாற்று இல்லை, கணக்கு.

பாஸ்வேர்டை உடனே மாத்துங்க

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு மிரட்டல் இமெயில் ஒன்று அனுப்பப்பட்டது. அது நவி மும்பையில் தங்கியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை முதலில் வந்து நின்றது அவர் வீட்டு வாசலில்தான். உங்கள் நெட்டில் யார் எதைச் செய்தாலும், முதலில் கேள்வி வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் டைப் செய்தால் செட்டிங்ஸ் திறக்கும். வைஃபை பாஸ்வேர்டு, அட்மின் பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றவும். பாதுகாப்பு முறையில் 'டபிள்யூபிஏ2' அல்லது 'டபிள்யூபிஏ3' இருக்கட்டும். போன் நம்பரை பாஸ்வேர்டாக வைக்க வேண்டாம், அது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.