ஒரே இணைய இணைப்பு, பத்துக் கணினிகள்: சர்வர் வழியாகப் பகிர்வதும் அதில் உள்ள பொறுப்பும்

ஒரு டிராவல்ஸ் அலுவலகம், ஒரு டியூஷன் சென்டர், ஊர் நூலகத்தின் கணினி அறை. இப்படிப்பட்ட இடங்களில் எட்டு அல்லது பத்துக் கணினிகள் இருக்கும். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்போ ஒன்றுதான். ஒவ்வொரு கணினிக்கும் தனி இணைப்பு வாங்குவது வீண் செலவு. நடுவில் உள்ள ஒரு கணினி அந்த இணைப்பைப் பெற்று மற்றவற்றுக்குப் பகிர்ந்து கொடுத்தால் போதும். அந்தக் கணினியைத்தான் சர்வர் என்கிறோம்.

இதை அமைத்துத் தருபவர் பெரும்பாலும் "நெட் வருகிறதா, வேலை முடிந்தது" என்று போய்விடுவார். ஆனால் சர்வருக்குப் பின்னால் உள்ள பத்துப் பேரும் வெளியுலகின் பார்வையில் ஒரே ஆள்தான். அந்த ஒரே ஆள், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர். எனவே இது எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் ஓரளவாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி தேவை. இன்றும் பரவலாகப் புழங்கும் நான்காம் பதிப்பு ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். இது போதாது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் உள் நெட்வொர்க்குகளில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ள மூன்று தொகுதி முகவரிகளை 1994-இல் ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை. உங்கள் கணினியில் 192.168 என்று பார்த்திருப்பீர்கள். அதே எண் பக்கத்துத் தெருவிலும் இருக்கும், பக்கத்து நாட்டிலும் இருக்கும். வெளி இணையத்தில் அதற்கு மதிப்பில்லை.

அப்படியானால் அந்தக் கணினி எப்படி வெளியே பேசுகிறது? சர்வர் தன் முகவரியை இரவல் கொடுக்கிறது. 192.168.10.25 என்ற கணினி ஓர் இணையதளத்தைக் கேட்டால், சர்வர் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டுத் தன் பொது முகவரியை எழுதி அனுப்பும். கூடவே ஒரு போர்ட் எண்ணையும் போட்டு, "இந்த எண்ணுக்கு வரும் பதில் 25-ஆம் கணினிக்கு உரியது" என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். இந்த முகவரி மாற்று முறைக்கு 'நாட்' என்று பெயர். விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பிலேயே (1999) 'இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்' என்ற பெயரில் இது வந்துவிட்டது. லினக்ஸில் 'மாஸ்கரேட்' என்பார்கள், முகமூடி போடுவது என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருப்பது நல்லது. ஒன்று மோடத்துக்கு, மற்றொன்று சுவிட்சுக்கு. கணினிகள் எல்லாம் சுவிட்சில் இணைய வேண்டும். இங்கே புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. மோடம் தன் பக்கத்தில் 192.168.1 என்ற தொகுதியைக் கொடுக்கும். இவர்களும் உள் நெட்வொர்க்குக்கு அதையே வைத்துவிடுவார்கள். இரு பக்கமும் ஒரே தொகுதி என்றால் எந்தப் பாக்கெட்டை எந்தக் கார்டு வழியாக அனுப்புவது என்று சர்வருக்குத் தெரியாது. கேபிள் எல்லாம் சரியாக இருந்தும் நெட் வராது. உள்ளே 192.168.10 என்பது போல வேறொரு தொகுதியை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு தொல்லை டிஎச்சிபி. கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் சேவை இது. ஒரு நெட்வொர்க்கில் ஒருவர்தான் இதை வழங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் சிக்னல் குறைவாக இருக்கிறது என்று ஒருவர் தன் வீட்டில் கிடந்த பழைய வைஃபை ரௌட்டரைக் கொண்டு வந்து சுவிட்சில் சொருகிவிட்டார். அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கத் தொடங்கியது. காலையில் ஆன் செய்த கணினிகளில் பாதிக்கு நெட் இருந்தது, பாதிக்கு இல்லை. இரண்டு நாள் எல்லோரும் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நாட் மட்டும் போதுமா, ப்ராக்ஸியும் வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. நாட் கடிதத்தின் உறையை மட்டும் மாற்றி அனுப்பும் தபால்காரர் மாதிரி. ப்ராக்ஸி சர்வர் கடைக்குப் போய் வாங்கி வரும் ஆள் மாதிரி. நீங்கள் கேட்டதை அவரே போய்க் கேட்டு வாங்கி வந்து தருவார். அதனால் யார், எந்தத் தளத்தை, எப்போது கேட்டார் என்பது அவருக்குத் தெரியும். குறிப்பிட்ட தளத்தை மறுக்கவும் முடியும், வேகத்தைக் குறைக்கவும் முடியும். இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்விட் என்ற மென்பொருள் 1996 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. வழக்கமாக 3128 என்ற போர்ட்டில் இயங்கும்.

அந்தக் காலத்தில் ப்ராக்ஸியின் பெரிய லாபம் சேமிப்புதான். ஒருவர் பார்த்த பக்கத்தைச் சர்வர் சேமித்து வைத்து, அடுத்தவர் கேட்டால் உள்ளிருந்தே கொடுத்துவிடும். டயல்-அப் காலத்தில் அது பெரிய விஷயம். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டே வருவதால் ப்ராக்ஸியால் உள்ளடக்கத்தைப் படிக்கவோ சேமிக்கவோ முடியாது. எந்தத் தளத்துக்குப் போனார் என்பது மட்டுமே தெரியும்.

இதையும் உடைக்க ஒரு வழி இருக்கிறது. சர்வரே ஒரு சான்றிதழைத் தயாரித்து ஒவ்வொரு கணினியிலும் நிறுவிவிட்டால், மறையாக்கத்தை நடுவில் பிரித்துப் பார்க்கலாம். சில பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. சிறிய இடங்களில் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. ஊழியரின் வங்கிக் கடவுச்சொல்லும் மாணவியின் மின்னஞ்சலும் சர்வரின் சாவி வைத்திருப்பவர் கண்ணில் படும். நம் இணைப்பை நம்பி வருகிறவரின் அந்தரங்கம் நம்மிடம் உள்ள அமானிதம். வேண்டாத தளங்களைத் தடுக்க டிஎன்எஸ் மட்டத்திலேயே வடிகட்டினால் போதும். தளத்தின் பெயர் கேட்கப்படும்போதே மறுத்துவிடலாம், யாருடைய கடிதத்தையும் பிரிக்க வேண்டியதில்லை.

வேகம் பற்றியும் ஒரு கணக்குப் பார்க்கலாம். விநாடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் ஒரு ஜிபி இறங்கக் குறைந்தது 13 நிமிடம் ஆகும். பத்துக் கணினிகளும் ஒரே அளவுள்ள விண்டோஸ் அப்டேட்டைத் தனித்தனியாக இறக்கினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இணைப்பு அடைபட்டுக் கிடக்கும். "நெட் ஸ்லோ" என்ற புகாருக்குப் பல இடங்களில் இதுதான் காரணம். விண்டோஸ் 10 முதல், ஒரு கணினி இறக்கிய அப்டேட்டை உள் நெட்வொர்க்கிலேயே மற்றவை வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். ஒருவர் வீடியோ பார்ப்பதால் மற்றவர் வேலை நிற்கும் இடங்களில், ஒவ்வொரு கணினிக்கும் உச்சவரம்பு வைக்க ஸ்க்விட்டில் வழி இருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் ஐபி முகவரி நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டைக் காட்டியது. விசாரணை அவர் வாசலில் வந்து நின்றது. பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பெங்களூரைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளர் 50 நாட்கள் சிறையில் இருந்தார். ஆர்குட்டில் வந்த ஓர் அவதூறுப் படம் தொடர்பான வழக்கு அது. ஐபி முகவரிக்கு உரியவர் என்று தவறாக அடையாளம் காட்டப்பட்டதுதான் அவர் செய்த குற்றம். ஐபி முகவரி ஓர் ஆளைக் காட்டுவதில்லை, ஓர் இணைப்பைத்தான் காட்டுகிறது. ஆனால் கதவைத் தட்டுபவர்கள் அந்த இணைப்பின் சொந்தக்காரரைத்தான் முதலில் கேட்பார்கள். பெயரைப் பார்த்தே சந்தேகம் தொடங்கும் காலத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

அப்போது கையில் இருக்க வேண்டியது சர்வரின் பதிவேடு. எந்த நேரத்தில் எந்தக் கணினி எங்கே போனது என்பது அதில் இருக்கும். இந்தியாவில் பொதுமக்களுக்குத் தொழில்முறையில் இணைய வசதி தரும் மையங்களுக்கு 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வருபவரின் அடையாள ஆவணத்தைப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டையும் ப்ராக்ஸி சர்வரின் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தனி அலுவலகத்துக்கு இந்த விதிகள் பொருந்தாது என்றாலும், வெளியாட்கள் வந்து போகும் இடமானால் அதே வழக்கத்தைப் பின்பற்றுவது பாதுகாப்பு. ஆனால் அந்தப் பதிவேடு யார் கையிலும் கிடைக்கும்படி இருக்கக் கூடாது. பதிவு செய்யப்படுகிறது என்று பயன்படுத்துபவருக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு அறிவிப்புத் தாள் ஒட்டினால் போதும்.

பதிவேடு உதவ வேண்டுமானால் இரண்டு காரியம் தேவை. ஒன்று, சர்வரின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். இணையத்திலிருந்து தானாக நேரம் பெறும்படி வையுங்கள். ஸ்க்விட் பதிவேட்டில் நேரம் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக எழுதப்படும். அதை மாற்றும்போது நம் நேரத்துக்கான ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் பழி வேறொருவர் மேல் போய் விழும். மற்றொன்று, ஒவ்வொரு கணினிக்கும் நிலையான உள் முகவரி ஒதுக்க வேண்டும். இன்று 25-ஆக இருப்பது நாளை 31 ஆனால் பதிவேட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கைப்பேசிகளில் இது இன்னும் சிக்கல். புதிய ஆண்ட்ராய்டு, ஐபோன் கருவிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் நெட்வொர்க்குக்கு ஒன்றாக மாற்றிச் சொல்லும். விருந்தினர் கைப்பேசிகளுக்கு ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுப்பதே சரியான வழி.

ப்ராக்ஸி உள் நெட்வொர்க்குக்கு மட்டுமே பதில் சொல்கிறதா என்றும் பாருங்கள். வெளிப் பக்கமும் திறந்திருந்தால் உலகின் எந்த மூலையில் உள்ளவரும் உங்கள் முகவரியை முகமூடியாக அணிந்துகொள்வார். இப்படித் திறந்து கிடக்கும் சர்வர்களைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இணைப்பைப் பக்கத்துக் கடைக்காரருக்கு மாத வாடகைக்குக் கேபிள் இழுத்துக் கொடுப்பதும் வேண்டாம். முறையாகப் பொது வைஃபை வழங்க விரும்பும் சிறு கடைகளுக்கு, தனி உரிமம் இல்லாமலேயே அனுமதிக்கும் பிஎம்-வாணி திட்டம் 2020 டிசம்பர் முதல் இருக்கிறது.

நான்கைந்து பேர் மட்டும் உள்ள வீட்டுக்கோ கடைக்கோ இவ்வளவும் தேவையில்லை. சாதாரண ரௌட்டருக்குள்ளேயே நாட் இருக்கிறது. வெளியாட்கள் வந்தால், அல்லது கட்டுப்பாடும் பதிவேடும் தேவைப்பட்டால் சர்வர் வையுங்கள். பழைய கணினியே போதும், ஆனால் மின்கணக்கையும் பாருங்கள். 60 வாட் எடுக்கும் கணினி இரவும் பகலும் ஓடினால் மாதம் 43 யூனிட் ஆகும். யுபிஎஸ்ஸும் வேண்டும், ஏனெனில் சர்வர் அணைந்தால் பத்துக் கணினிக்கும் நெட் இல்லை. அமைத்த ஆள் வெளிநாடு போய்விட்ட பிறகு பாஸ்வேர்டு தெரியாமல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்ட இடங்கள் உண்டு. முகவரிகள், பாஸ்வேர்டு, எந்தக் கேபிள் எந்தக் கார்டுக்கு என்பதை ஒரு தாளில் எழுதி, இணைப்பின் ரசீதுகள் உள்ள அதே பைலில் பூட்டி வையுங்கள்.