கனகராயன் ஆற்றின் வரவும் செலவும்

வன்னி நாட்டிலே ஆறுகள் பல உண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசியிலே வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டு வருகின்றது. கார்த்திகையிலும் மார்கழியிலும் ஆறுகள் கரைபுரண்டு ஓடுகின்றன. ஆனி, ஆடி மாதங்களிலோ அதே ஆற்று மணலிலே கால் நனையாமல் நடந்து போகலாம். சில மாதத்து மழையை ஆண்டு முழுவதற்கும் எவ்வாறு பங்கிடுவது என்பதே இந்நாட்டின் பழைய கேள்வி. இங்குள்ள குளங்கள் யாவும் அக்கேள்விக்கு மனிதர் அளித்த விடைகளேயாம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவிலே தர்மபுரம் என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூரின் அயலிலே நெத்தலியாறு ஓடுகின்றது. மேற்கே கனகராயன் ஆறு ஓடுகின்றது. இரண்டும் வடக்கு நோக்கிச் சென்று, சுண்டிக்குளத்தை அடுத்த களப்பிலே கலக்கின்றன. இவ்விரண்டினுள்ளும் பெரியது கனகராயன் ஆறு. வவுனியாப் பகுதிக் காடுகளிலே பிறந்து, சிறு குளங்கள் பலவற்றின் கழிவு நீரையும் ஏந்திக்கொண்டு வரும் அவ்வாற்றை மறித்துக் கட்டியதே இரணைமடுக் குளம். அதன் வரலாற்றைக் கொண்டு நீரியல் என்னும் சாத்திரத்தின் அடிப்படையை நாம் எளிதில் அறிந்துகொள்ளலாம்.

ஆற்று நீர் எங்கிருந்து வருகின்றது? மழையிலிருந்து என்று சிறு பிள்ளையும் இன்று விடை கூறும். ஆனால் ஐரோப்பிய அறிஞர் பலர் நெடுங்காலம் அவ்வாறு நினைக்கவில்லை. கடல் நீர் நிலத்தின் கீழ்ப் புகுந்து, உப்பு நீங்கி, மலைகளிலே ஊற்றாக எழுகின்றது என்றே அவர்கள் கருதினர். 1674ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துப் பியர் பெரோ என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். சேன் நதியின் தலைப்பகுதியிலே ஓராண்டிற் பெய்யும் மழையையும், அந்நதியிலே ஓடும் நீரையும் அவர் கணக்கிட்டு ஒப்புநோக்கினார். மழை நீர் ஆற்று நீரைப்போல ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. ஆற்றுக்கு மழையே போதும் என்பது உறுதியாயிற்று. எஞ்சியது எங்கே போயிற்று? மண் குடித்தது; மரஞ்செடிகள் பருகின; வெயிலும் காற்றும் கவர்ந்தன. வரவு, செலவு, இருப்பு என்னும் இக்கணக்கே நீரியலின் உயிர்நாடி.

அக்கணக்கை இரணைமடுவுக்குப் பொருத்திப் பார்ப்போம். இரணை என்றால் இரட்டை. மடு என்றால் ஆழமான நீர்நிலை. இரண்டு மடுக்கள் ஒன்றாகிய இடம் என்பது பெயரின் பொருள். இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களம் 1900ஆம் ஆண்டிலே தோன்றியது. இரண்டு ஆண்டுகளின் பின், 1902இலே, இரணைமடு வேலை தொடங்கியது. 1920ஆம் ஆண்டளவிலே முதற்கட்டம் நிறைவெய்தியது. பின்னர் 1948க்கும் 1951க்கும் இடையிலும், மீண்டும் 1970களிலும், குளக்கட்டு உயர்த்தப்பட்டது. அப்பொழுது கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியாயிற்று. போருக்குப் பின் நடந்த புனரமைப்பிலே நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்து, கொள்ளளவு ஏறத்தாழ 120,000 ஏக்கர் அடியை எட்டியது. ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி.

இக்குளத்துக்கு நீர் திரட்டிக் கொடுக்கும் நீரேந்து பிரதேசம் ஏறத்தாழ 588 சதுர கிலோமீட்டர். குளம் நிரம்பி நிற்கும்போது உள்ள நீரை அந்நிலம் முழுவதிலும் பரப்பினால், அது சுமார் 250 மில்லிமீட்டர், அதாவது பத்து அங்குல உயரம் நிற்கும். அப்பகுதியிலே ஆண்டு தோறும் பெய்யும் மழையோ சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்கும் அதிகம். ஆகவே பெய்யும் மழையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலே குளம் நிரம்பிவிடும். ஆயினும் அந்த ஐந்தில் ஒரு பங்கு எல்லா ஆண்டிலும் வருவதில்லை. முதல் மழையைக் காய்ந்த மண் குடித்துவிடுகின்றது. மேற்புறத்துச் சிறு குளங்கள் தம் பங்கைத் தடுத்து வைக்கின்றன. மழை சிறிது குறைந்தால் ஆற்று நீர் பெரிதும் குறைகின்றது. மழை சிறிது கூடினால் வான் பாய்கின்றது. சராசரியை நம்பி வயல் விதைக்க இயலாது என்பதை வன்னிக் கமக்காரர் ஏட்டறிவின்றியே அறிந்திருந்தனர்.

அதனாலேயே காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் வெவ்வேறு முறை அமைந்தது. காலபோகத்திலே மழையும் குளமும் சேர்ந்து பயிரைக் காக்கின்றன. சிறுபோகத்திலோ குளம் ஒன்றே கதி. ஆகவே குளத்திலே நிற்கும் நீரின் உயரத்தைப் பார்த்து, கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கின்றனர். வயற்பரப்பின் ஒரு பகுதிக்கே நீர் கிடைக்கும். அப்பகுதியை யாவரும் பங்கிட்டுக்கொள்வர். நீரளவு கண்ணுக்குத் தெரிவதனாலே பங்கீடு மனத்துக்கும் ஏற்புடையதாகின்றது.

வான் பாய்ந்து வடக்கே போகும் நீரை என்ன செய்வது? யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு இல்லை. அங்கே சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கும் மழை நீர், உவர்நீரின்மேல் மெல்லிய போர்வைபோல மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். இந்நிலையை நன்கறிந்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். இலங்கையின் நீர்வளங்களைத் தொகுத்துக் கூறும் பெருநூலை 1969இலே அளித்தவரும் அவரே. ஆனையிறவுக் களப்பைக் கிழக்கே சுண்டிக்குளத்திலே அணையிட்டு மறித்து, கனகராயன் ஆறு முதலியவற்றின் மிகை நீரால் அதை நன்னீர் ஆக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் களப்புக்குக் கொண்டு செல்லலாம் என்று 1950களிலே அவர் திட்டம் வகுத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று மக்கள் அதனைப் போற்றினர். 1960களிலே வேலைகள் நடந்தன; வாய்க்கால் முற்றுப்பெறவில்லை; சுண்டிக்குளத்து அணையும் பின்னர் உடைந்தது. திட்டம் இன்றும் குறையாகவே நிற்கின்றது.

2010ஆம் ஆண்டிலே ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் வேறொரு திட்டம் வந்தது. மிகை நீரையன்று, இரணைமடுக் குளத்து நீரையே குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு செல்வது அதன் நோக்கம். கிளிநொச்சிக் கமக்காரர் அஞ்சினர்; எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே போதாத நீரைப் பிறர்க்கு எவ்வாறு ஈவது என்பது அவர்களின் கேள்வி. குடிக்க நீரின்றித் தவிப்பவனுக்கு இல்லை என்பது அறமாகுமா என்பது மற்றவர்களின் கேள்வி. இரண்டும் நேர்மையான கேள்விகளே. ஈற்றிலே வேறு வழி தேடப்பட்டது. தாளையடியிலே கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர் நீர் தருவது அதன் ஆற்றல்.

அவ்வளவை ஓராண்டுக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 7,100 ஏக்கர் அடி ஆகும். நிரம்பிய இரணைமடுவிலே அது நூற்றுக்கு ஆறு பங்கு. நிறைந்த ஆண்டிலே குளத்துக்கு அது சிறிய செலவு. வறண்ட ஆண்டிலே அதுவே பல நூறு குடும்பங்களின் சிறுபோகம். ஒரே தொகை ஓராண்டிலே தருமமாகவும் மற்றோராண்டிலே இழப்பாகவும் நிற்கின்றது. எந்த நீர்மட்டத்திலே எவ்வளவு கொடுப்பது, எந்த மட்டத்தின் கீழே கொடுப்பதை நிறுத்துவது என்று முன்கூட்டியே யாவரும் அறிய ஒரு விதி எழுதப்பட்டு, அவ்விதியில் இரு சாராரும் நம்பிக்கை வைத்திருந்தால், அச்சத்திற் பெரும்பகுதி நீங்கியிருக்கும்.

நேயர்கள் இன்னொரு பங்காளரையும் மறத்தலாகாது. கடலுக்கு வீணே போகும் நீர் என்று நாம் கூறுவது, களப்புக்கு வருமானம். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அவ்விடத்திலேதான் இறாலும் மீனும் பெருகுகின்றன. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயம் ஆக்கப்பட்டது.

மிகுதியும் ஒரு துன்பமே. 2018 மார்கழியிலே, உயர்த்தப்பட்ட குளம் நிறைந்து நின்ற வேளையிலே, பெருமழை கொட்டியது. வான்கதவுகள் திறக்கப்பட்டன, தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா என்ற வினா எழுந்தது. குளங் காப்போரின் கடமை இருவகைப்பட்டது: பஞ்சத்துக்கு அஞ்சி நீரைச் சேர்க்கவும் வேண்டும், வெள்ளத்துக்கு அஞ்சி இடம் விடவும் வேண்டும். மேற்புறக் காடுகளிலே பெய்யும் மழையை நாழிகைதோறும் அளந்து அறிவித்தாலன்றி இரண்டையும் ஒருங்கே செய்தல் அரிது.

தர்மபுரத்துக்கு அருகேயுள்ள கல்மடுக் குளத்தின் கட்டு 2009 தை மாதத்திலே, போரின் நடுவே, தகர்க்கப்பட்டது. போரின் பின் அது மீளக் கட்டப்பட்டது. ஆயினும் அப்பகுதியிலே ஆற்று மணலைக் களவாக அகழும் வழக்கம் நீரிருப்பை வேறு வகையிலே குறைக்கின்றது. மணல் ஆற்றின் களஞ்சியம். மழை நின்ற பின்னும் நீரைத் தன்னுள் வைத்திருந்து கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டுவது. அதை அள்ளியபின் கிணறு தாழ்கின்றது.

ஒரு நூற்றாண்டிலே நாம் குளக்கட்டைப் பலமுறை உயர்த்தினோம். இனியும் அதை உயர்த்திக்கொண்டே போக இயலாது; மழை தரும் வரவுக்கு ஓர் எல்லை உண்டு. குளத்தின் மட்டம், ஆற்றின் ஓட்டம், கிணற்றின் ஆழம் ஆகிய மூன்றையும் நாள்தோறும் அளந்து, அவ்வளவை ஊர்ப் பொதுவிலே எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தர்மபுரத்துக் கமக்காரனும் யாழ்ப்பாணத்து இல்லத்தரசியும் சுண்டிக்குளத்து மீனவனும் ஒரே கணக்கைப் பார்க்கும் நாளிலே, நீர் பற்றிய வழக்கு பங்கீடு பற்றிய பேச்சாக மாறும்.