ஈரமும் ஏடும்

மழைக்காலத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த புத்தக அலமாரியைத் திறப்பவரை முதலில் எதிர்கொள்வது ஒரு புழுங்கல் வாடை. பாட்டனார் வாங்கிய பழம் பதிப்பொன்றைக் கையிலெடுத்தால், அட்டையின்மேல் சாம்பல் பூத்தாற்போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். முன்னாள் படைவீரர்களுக்கெனத் தோன்றிய குடியிருப்பாகிய ஹைதராபாத்தின் சைனிக்புரியில் வாழும் தமிழன்பர்களுக்கும் இது நேரக்கூடியதே. தக்காணம் வறண்ட நாடு என்று நாம் அயர்ந்திருப்போம்; ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையோ அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிவிடும்.

இவ்விழப்பு தமிழருக்குப் புதியதன்று. இராசராச சோழன் காலத்தில் தில்லைக் கோயிலின் அறையொன்றைத் திறந்தபோது, தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன என்றும், எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்றும் மரபு கூறும். சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளின் நிலையை நொந்து எழுதினார். அதே ஆண்டில் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். சிதைந்த சுவடிகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிட்ட செய்தியையும் அவர் கேட்க நேர்ந்தது.

அங்ஙனமாயின், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தது எவ்வாறு? நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளே தாங்கும். அது நைந்து போகுமுன் யாரோ ஒருவர் அதைப் பிரித்துப் படித்து, புதிய ஓலையில் எழுதி வைத்தார். அவருக்குப்பின் வேறொருவர் எழுதினார். இந்தக் கைகளின் தொடர்ச்சியே நூல்களைக் காத்தது. எங்கே தொடர்ச்சி அறுந்ததோ, அங்கே நூலும் மறைந்தது.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றின் பொடியோடு கற்பூரம் சேர்த்து முடிந்து, சுவடிகளுக்கிடையே வைப்பது வழக்கம். இது பூச்சிகளை விரட்டும். பூஞ்சணத்துக்கோ காற்றோட்டமே மருந்து. அதன் வித்துக்கள் எங்கும் மிதப்பவை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டி, காற்றும் அசையாதிருந்தால், பசையிலும் துணி அட்டையிலும் அவை முளைவிடும். பூட்டிக் காப்பதாக நாம் எண்ணும் அலமாரியே அவற்றுக்கு விளைநிலம்.

அச்சு நூல்களின் காலத்திலும் ஒருவர் அந்தப் பழைய பணியைத் தொடர்ந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்னும் விளம்பரப் பலகை ஓவியர், பழைய நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அங்கே நுண்படச் சுருளில் நூல்களைப் படியெடுத்தது, ஏடெழுதியவர்களின் தொழிலேயன்றி வேறென்ன?

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பள்ளியில் பயில்வதில்லை. படிப்பாரற்ற நூலையே பூஞ்சணம் முதலில் பற்றுகிறது. பாதிக்கப்பட்ட நூலை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்துக. ஈரத்துணி தொடாமல், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளியிடத்தில் மென்தூரிகையால் துடைத்தெடுக்க. அரிய நூலாயின் பக்கங்களைப் படமெடுத்து நூலகத்தோடும் பகிர்ந்து கொள்க.

இதற்கு நல்ல நாளையும் நம் முன்னோர் தந்துள்ளனர். சரசுவதி பூசைக்குப் புத்தகங்களை வெளியே எடுத்துத் தூசி தட்டும் வழக்கம், தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை தொடங்குமுன் வருகிறது. ஹைதராபாத்திலோ தென்மேற்கு மழை ஓயும் தருணத்தில் வருகிறது. அங்கே வருமுன் காப்பு. இங்கே வந்தபின் சிகிச்சை. பூசையன்று அடுக்கிய நூலை மறுநாள் விசயதசமியில் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதும் மரபன்றோ? அன்று ஒரு பக்கமேனும் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவோம். அறுந்த தொடர்ச்சி அங்கே மீண்டும் பிணையும்.