ஹெரால்டின் பின்சக்கரம், கெஸலின் நேர் அச்சு

போன மாசம் காடாம்புலியூர் வீட்டு வாசலில் காரை ஜாக்கி போட்டு நிறுத்தி, பின்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டையும் நானே மாற்றினேன். பழசில் எண்ணெய் கசிந்து, கையால் அமுக்கினால் எதிர்ப்பே இல்லை. மாற்றியபின் பண்ருட்டி ரோட்டில் ஒரு ரவுண்டு. வேகத்தடை தாண்டினால் மூணு தடவை ஊஞ்சலாடிய வண்டி ஒரே தடவையில் அடங்கியது. வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "ஹெரால்டா இருந்தா இவ்ளோ சுலபமில்ல தம்பி" என்றார். அங்கிருந்துதான் தோண்ட ஆரம்பித்தேன்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம சென்னைக் கார். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இங்கே தயாரித்தது. 948 சிசி இன்ஜின். வடிவமைப்பு இத்தாலியரான மிக்கெலோட்டி. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின்சக்கரங்கள் ஒரே முழு அச்சில் இருந்தன. ஹெரால்டில் அப்படியில்லை. குறுக்கே ஒரு கமான் பட்டை. ஒவ்வொரு சக்கரமும் நடுவிலுள்ள ஒற்றை மூட்டிலிருந்து தனித்தனியாக ஊசலாடும். இதன் பெயர் ஸ்விங் ஆக்சில்.

காகிதத்தில் இது முன்னேற்றம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இன்னொன்று பாதிக்கப்படாது. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் கூடவே மாறும். நாலு பேர், மூட்டை முடிச்சு ஏற்றினால் பின்சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும். டயர் உள்விளிம்பில் தேயும். காலி வண்டியில் இதற்கு நேர்மாறு. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று பிரேக் அடித்தால் பின்பக்கம் மேலே எழும்பும், சக்கரம் உள்நோக்கி மடங்கும், பிடிமானம் போகும், பின்பக்கம் சறுக்கும். ஷாக்கும் தேய்ந்திருந்தால் அந்த எழும்பலைத் தடுத்து நிதானப்படுத்த ஆளே இல்லை.

இது ஹெரால்டுக்கு மட்டுமான சிக்கல் இல்லை. 1965-ல் ரால்ஃப் நேடர் அமெரிக்காவின் கார்வேர் காரைத் தாக்கி எழுதியதும் இதே வகை அச்சுக்காகத்தான்.

இந்தச் சிக்கலுக்கு ரெண்டு ஊரில் ரெண்டு விடை. ஹெரால்டின் உறவான ஸ்பிட்ஃபயர் காரில், 1970-ல் இங்கிலாந்துக்காரர்கள் கமான் பட்டையை நடுவில் ஊசலாடவிட்டு சறுக்கலைக் குறைத்தார்கள். ஸ்விங் ஆக்சில் அப்படியே இருந்தது. சென்னையில் 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல், ஹெரால்டின் வழிவந்த கார்தான். ஆனால் ஸ்விங் ஆக்சிலையே தூக்கிவிட்டு பழைய பாணி முழு அச்சைப் போட்டார்கள். வாங்குகிறவர்களுக்கும் சரி, மெக்கானிக்குகளுக்கும் சரி, அந்த ஊசலாட்டம் பிடிக்கவில்லை.

பொறியியல் பாடப்புத்தகப்படி இது பின்னோக்கிய அடி. முழு அச்சு கனமானது. ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் சாயும். ஆனால் சுமை ஏறினாலும் இறங்கினாலும் டயர் ரோட்டில் நேராக நிற்கும். அம்பாசடரைப் பிரித்துப் பழகிய எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது புரியும். நமது சுமைக்கும் நமது பட்டறைக்கும் அதுதான் சரியான விடை என்று எனக்குத் தோன்றுகிறது. மென்பொருளிலும் இதைப் பார்த்திருக்கிறேன்: பராமரிக்க ஆளில்லாத புத்திசாலித்தனம் நிலைப்பதில்லை.

இன்றும் நம்ம சின்னக் கார்களில் பெரும்பாலும் பின்சக்கரங்களை ஒரு குறுக்குத்தண்டுதான் இணைக்கிறது. அந்த எளிமையால்தான் என்னை மாதிரி ஆளும் வாசலிலேயே ஷாக் மாற்ற முடிகிறது. ரெண்டு விஷயம் மட்டும்: ரெண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.