மலையகத் தமிழரும் தொல்மரபணு ஆய்வும்

இந்தோ-ஐரோப்பிய மொழி பேசுவோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற விவாதம் இலங்கையில் ‘சிங்களவர் யார்?’ என்ற கேள்வியாகவே நடந்துவந்திருக்கிறது. மாலைதீவின் திவெகியோடு சேர்ந்து, இந்தோ-ஆரியக் கிளையின் தென்கோடி மொழி சிங்களம். நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர் இந்த வாதத்தில் ஒரு கட்சியாக நின்றதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மக்களாகவே அவர்கள் ஆய்வுகளுக்குள் வந்தார்கள்.

வாதத்தின் தொடக்கம் மொழியியலில். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். சிங்களம் திராவிட மொழியல்ல, ஆரிய மொழி என்று இலங்கை அறிஞர் ஜேம்ஸ் டி அல்விஸ் 1866இல் வாதிட்டார். மொழிக்குச் சொன்னது வெகு விரைவில் இரத்தத்துக்கும் சொல்லப்பட்டது. பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால அதை மேடைகளுக்குக் கொண்டுபோனார். மொழிக்குடும்பத்தை இனத்தோடு குழப்பக் கூடாது என்று ‘ஆரிய’ என்ற சொல்லைப் பரப்பிய மாக்ஸ் முல்லரே 1888இல் எச்சரித்தும் பயனில்லை. பாலி வரலாற்று நூலான மகாவம்சம், சிங்களவரின் முதல் மன்னனாகச் சொல்லப்படும் விஜயனுக்கு வங்க இளவரசி ஒருத்தியின் வழிவந்த குலத்தைத் தருகிறது. அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் மணப்பெண்கள் மதுரையிலிருந்து வந்ததாகவும் அதே நூல் சொல்கிறது. ஆரிய இரத்தம் பேசியவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிட்டார்கள்.

மலையகத் தமிழரின் முன்னோர் 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகளால் அழைத்துவரப்பட்டவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள் பலர். 1911ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பு அவர்களை இலங்கைத் தமிழரிடமிருந்து பிரித்து ‘இந்தியத் தமிழர்’ என்று எண்ணியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தை இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயன் குடியிருப்பில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் ஏது? பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். கணக்கெடுப்பு வைத்த ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயரே பிறகு மரபணு ஆய்வுத் தாள்களிலும் ஏறியது.

முதற்கட்ட மரபணு ஆய்வுகள் இரத்தப் பிரிவுகளையும் புரதங்களையும் நம்பின. விஜயன் கதையைத் தலைப்பிலேயே வைத்து 1976இல் கிர்க்கும் 1988இல் சாஹாவும் எழுதினார்கள். சிங்களவரின் மரபில் ஏறத்தாழ 70 வீதம் தென்னிந்தியாவின் தமிழரிடமிருந்தும் 25 வீதம் வங்காளிகளிடமிருந்தும் வந்ததாக 1995இல் க்ஷத்ரிய கணக்கிட்டார். பின்னர் வந்த வேறோர் ஆய்வு வங்காளப் பங்கைப் பாதிக்கும் மேலாகச் சொன்னது. சில குறியீடுகளை மட்டும் வைத்துப் போட்ட இத்தகைய கணக்குகளைத் தசமப் புள்ளி வரை மேற்கோள் காட்டுவது வீண்.

எலும்பிலிருந்தே டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பம் நிலைமையை மாற்றியது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் பரப்பியவர்களாகக் கருதப்படும், கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளி மேய்ப்பர்கள் ஐரோப்பாவுக்குப் பெருமளவில் நகர்ந்ததை 2015இல் வெளிவந்த இரு ஆய்வுகள் காட்டின. 523 தொல்மனிதர்களின் தரவோடு 2019இல் வந்த நரசிம்மன் குழுவின் ஆய்வு, அந்த மரபு தெற்காசியாவை எட்டியது கி.மு. 2000க்குப் பிறகே என்றது. அதே ஆண்டு வெளியான, சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியின் பெண் ஒருத்தியின் மரபணுவில் புல்வெளி மரபு இல்லை. அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் பயன் தந்தது அந்த ஒன்றுதான். வெப்ப நாட்டு மண்ணில் டிஎன்ஏ விரைவில் சிதைந்துவிடும்.

இலங்கைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தோ-ஆரியப் பேச்சு தீவை அடைந்தது புல்வெளி மரபு வட இந்தியாவில் கலந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின். வந்தவர்களே கலப்பினர், எண்ணிக்கையிலும் சிறிய கூட்டமாக இருந்திருக்கலாம். ஆகவே மரபணுவில் வடக்கின் சுவடு மங்கலாக இருப்பது மொழி வடக்கிலிருந்து வந்ததை மறுக்காது. 2023இல் ஞானேஷ்வர் சௌபே, ருவந்தி ரணசிங்க உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்துகிறது: சிங்களவரும் தமிழரும் நெருங்கி ஒரே கொத்தாக நிற்கிறார்கள், நுணுகிப் பார்த்தால் சிங்களவரிடம் வட இந்தியத் தொடர்பு மெலிதாகத் தெரிகிறது.

மலையகத் தமிழர் தனிப் பிரிவாக இடம்பெற்ற ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது 2014இல் லங்கா ரணவீர குழு 271 பேரிடம் நடத்திய தாய்வழி இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏ ஆய்வு. அதைவிடச் சுவையானது 2023இல் வந்த வேறோர் ஆய்வு. இலங்கையின் இரு குகைகளில் கிடைத்த வேட்டையாடி மனிதர் இருவரின் முழு இழைமணி டிஎன்ஏ படிக்கப்பட்டது. இலங்கையின் தொல்மனிதரிடமிருந்து கிடைத்த முதல் மரபணுத் தகவல் அது. ஒருவரின் தாய்வழி மரபுக்குழு எம்18ஏ, மற்றவருடையது எம்35ஏ. எம்18ஏ இன்று சிங்களவர், இலங்கைத் தமிழர், ‘இந்தியத் தமிழர்’ மூவரிடமும் குறைந்த அளவில் காணப்படுகிறது. இதை வைத்துத் தோட்டத் தமிழரைக் குகை மனிதரின் வாரிசாக்குவது தவறு. அந்த வழியின் வேர் இந்தியாவில்; இந்தியாவிலிருந்து எந்தக் காலத்தில் வந்தவரும் அதைக் கொண்டுவந்திருக்கலாம். அதேபோல், எம்18ஏயைக் காட்டி ஒருவரை உள்ளூரார் என்றோ வெளியார் என்றோ பிரிக்கவும் முடியாது.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மக்கள் 839,504 பேர். திருச்சி, மதுரை, சேலம் எனப் பல பகுதிகளிலிருந்தும் பல சாதிகளிலிருந்தும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். தெற்காசியாவில் மரபணு வேறுபாட்டை மொழியளவுக்கு, சாதிக்குள்ளேயே மணக்கும் அகமணமும் வகுக்கிறது. மாதிரி தருபவரின் முன்னோர் ஊரையும் உறவுமுறையையும் பதியாத வரை, ‘இந்தியத் தமிழர்’ பற்றிய மரபணு முடிவுகளை ஒரு கணக்கெடுப்புப் பிரிவைப் பற்றிய முடிவுகளாக மட்டுமே கொள்ள வேண்டும்.