விளக்கின் வயது

சீயமங்கலம் குகைக் கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு விளக்கு கொண்டுபோவது நல்லது. செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்கு அருகில் இருக்கும் சிற்றூர் அது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அமைத்த கோயில். அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பெயர். செய்வித்தவன் லளிதாங்குரன் என்று கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறது. லளிதாங்குரன் என்பது மகேந்திரனின் விருதுப் பெயர். குகைக்கு முன்னால் நிற்கும் மண்டபங்களோ பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. எனவே, "இந்தக் கோயிலுக்கு என்ன வயது?" என்று யாராவது கேட்டால், "எந்தப் பகுதிக்கு?" என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

பழைய விளக்குக்கும் அப்படித்தான். செஞ்சிச் சீமையில் பரணிலிருந்து எதை இறக்கினாலும், "தேசிங்குராஜன் காலத்தது" என்று சொல்லிவிடுவார்கள். தேசிங்கு களத்தில் விழுந்தது 1714-இல். அவ்வளவு பழமை என்று சொல்லக் கேட்டால், "கொஞ்சம் கழற்றிப் பார்க்கலாமா?" என்பேன் நான்.

குத்துவிளக்கு ஒரே பொருள் அல்ல. பாதம், தண்டு, எண்ணெய் நிற்கும் தட்டு, உச்சியில் அன்னமோ பிரபையோ என்று நான்கு உறுப்புகள். நாச்சியார்கோயில் பத்தர்கள் இவற்றைத் தனித்தனியே வார்த்து, கடைந்து, மரையிட்டுப் பூட்டுகிறார்கள். பூட்டியதைக் கழற்றலாம், கழற்றியது தொலைந்தால் வேறொன்றைப் பொருத்தலாம். பாட்டி காலத்துத் தண்டின்மேல் பேத்தி காலத்து அன்னம் உட்கார்ந்திருக்கக் கூடும். உலோகத்தின் நிறம் மாறுகிறதா, மரை சரியாகப் பிடிக்கிறதா, புளி போட்டுத் தேய்த்த தேய்மானம் எல்லா உறுப்பிலும் ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். பச்சைக் களிம்பை நம்ப வேண்டாம். அதைச் சில நாளில் வரவழைத்துவிடலாம்.

உருவத்தையும் முழுக்க நம்புவதற்கில்லை. யவனர் செய்த பாவை விளக்கைச் சங்க காலத்து நெடுநல்வாடையே சொல்கிறது. அதற்காக நம் வீட்டுப் பாவை விளக்கு சங்க காலத்தது ஆகிவிடுமா? ஆனால் சில உறுப்புகள் பொய் சொல்லாது. கண்ணாடிச் சிமினியும், திரியை ஏற்றி இறக்கும் திருகும் உள்ள மண்ணெண்ணெய் விளக்கு தேசிங்கு கண்ணில் பட்டிருக்கவே முடியாது. போலந்துக்காரரான இக்னாசி லுகாசியேவிச் என்னும் மருந்தாளரின் மண்ணெண்ணெய் விளக்கு லிவிவ் நகர மருத்துவமனையில் எரிந்தது 1853-இல்.

அதே 1853-ஐச் சேர்ந்த பாவை விளக்கு ஒன்று திருவிடைமருதூர்க் கோயிலில் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி, தான் விரும்பியவனை மணக்க வேண்டி லட்ச தீபம் நேர்ந்துகொண்டு, தன் உருவையே ஒரு தீபமாக அங்கே நிறுத்தினாள். இந்தச் செய்தி நமக்கு எப்படித் தெரியும்? பீடத்தில் எழுதியிருக்கிறது! எழுத்து மட்டும் இல்லாவிட்டால், அவள் ஆசை நமக்கு எட்டியிருக்காது. அழகான பித்தளைப் பொம்மை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருப்போம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள் விட்டார்கள். நாளுக்கு ஓர் உழக்கு நெய். ஆடுகள் போயின, நெய்யும் போயிற்று. கல்லில் வெட்டிய கணக்கு நிற்கிறது.

நம் வீடுகளிலும் சின்னக் கல்வெட்டுகள் உண்டு. சீர்வரிசையாக வந்த விளக்கின் பாதத்தில், புள்ளி புள்ளியாகப் பெண்ணின் பெயரும் சில வேளை தேதியும் வெட்டியிருப்பார்கள். பழைய பாத்திரக் கடைத் தராசுக்கு அந்த எழுத்து தெரியாது. எடை போட்டு, உருக்கி, குழாயோ கைப்பிடியோ ஆக்கிவிடுவார்கள். அந்தப் பெண் நம் குலத்தில் வாழ்ந்தாள் என்பதற்கு வேறு சாட்சியே இல்லாமல் இருக்கலாம்.

விற்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வீட்டு நிலைமை வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். தராசில் ஏற்றுமுன் விளக்கை ஒரு தரம் கவிழ்த்துப் படித்துவிடுங்கள். படித்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வையுங்கள்.